எது கேட்டாலும் 'வேண்டாம்'

மார்ச் 2

சுண்டெலித் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற கையில் பேனாவைக் கொடுத்தால் எழுத்தும் வெட்டி வெட்டித்தான் வரும்.

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது"ன்னு என் கையில் அடித்து சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் எங்கே பேசினேன்? எழுதத்தானே செய்கிறேன்! உன் சுரங்க முகாமில் செல்போன் எடுக்காது, வாரத்துக்கு இரண்டு லாரி வரும், அதில்தான் தபாலும் என்று உன் பழைய கூட்டாளி சொல்லி விலாசம் கொடுத்தான். ஆறு வருடமாகச் சுருண்டுகொண்டு பூமிக்கடியில் உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு வைத்த பேர் சரியாகத்தான் இருக்கிறது.

சின்ன விஷயத்தை முதலில் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. உன் அண்ணன் பாடம் எடுக்கிற டிரைவிங் ஸ்கூல் முதலாளி பழசைக் கொடுத்தார். திறந்தால் எல்லா இடத்திலும் 'இலவசம், இலவசம்' என்று கூப்பிட்டது. சும்மா கொடுப்பதை வேண்டாம் என்பானேன் என்று எல்லாவற்றையும் போட்டேன். வைரஸ் வராமல் காக்க மூன்று காவல்காரர்களைப் போட்டேன். இப்போது மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று கத்திக்கொண்டிருக்கின்றன. மூலையில் ஒரு பொம்மை ஆடுகிறது, மூடினால் இரண்டாக வருகிறது. ஒரு எழுத்தைத் தட்டினால் நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்த பிறகு வருகிறது.

இனி பெரிய விஷயம். உன் அண்ணன் தொண்டையில் கட்டி வளர்ந்திருக்கிறது. குரல்பெட்டியையே எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் மார்ச் 21. அதற்கப்புறம் மூச்சு இருக்கும், பசி இருக்கும், கோபம் நிச்சயமாக இருக்கும். குரல் இருக்காது. தெரு முனையில் நின்று "கிளட்ச்சை மிதி"ன்னு கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிறவனும் மிதிப்பானே, அந்தக் குரல். ஹாரன் சார் என்று பிள்ளைகள் வைத்த பேரை இனி என்ன செய்வது சொல்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரம்மா ஒரு வழி சொன்னார். குரல் இருக்கும்போதே தேவையான ஐம்பது வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க வேண்டுமாம். பிறகு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்றைக் கட்டிவிட்டால், அவர் பட்டனைத் தட்ட, அவர் குரலே பேசுமாம். என் பட்டன் போனில் பதிந்தால் கொசு பாடுவது போல இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர்தான்.

எதை எடுக்க வேண்டும், எதைப் போட வேண்டும் என்று வரிசையாக எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது, உன் படிப்பைக் காட்டாதே. தம்பி, மிஷின் சத்தத்தில் அவர் கூப்பிடுவது கேட்காமல் போய்விடுமோ என்று நான்கு நாளாகத் தைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம்.

உன் அண்ணி

*

மார்ச் 6

அண்ணிக்கு,

கடிதம் இன்று லாரியில் வந்தது. மூன்று முறை படித்தேன். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு உங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று மொத்தமாக அழித்தேன். அதில் உங்கள் கல்யாண வீடியோ இருந்தது. வேறு பிரதி இல்லை. "நீ தொட்டது எதுவும் மிஞ்சாதுடா" என்றார் அண்ணன். நானும் பதிலுக்குப் பேசிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தேன். இந்த முறை நான் எதையும் தொடவில்லை, சொல்ல மட்டும் செய்கிறேன். தயவுசெய்து எழுதியபடியே செய்யுங்கள், ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம்.

முதலில் அந்த மூன்று காவல்காரர்களையும் வெளியே அனுப்புங்கள். கம்ப்யூட்டரோடு வந்த காவல் ஒன்று உள்ளேயே இருக்கிறது, வீட்டுக்கு அது போதும். ஆடும் பொம்மை, 'வேகமாக்கித் தருகிறேன்' என்று சொல்கிறவை எல்லாவற்றையும் நீக்குங்கள். வேகத்தைக் கெடுப்பவை அவைதான்.

இலவசத்தில் மூன்று ரகம் உண்டு. ஒன்று, செய்தவரே எல்லோருக்கும் என்று கொடுத்தது. நீங்கள் வெட்டிய பேப்பர் பேட்டர்னைத் தெருவுக்கே கொடுப்பது போல. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதைத்தான் போட வேண்டும். இரண்டாவது, பதினைந்து நாள் இலவசம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது, தான் வரும்போது ஐந்து உறவுக்காரர்களையும் கூட்டி வந்து வீட்டில் உட்கார வைக்கும். உங்களிடம் இருப்பவை எல்லாம் இந்த மூன்றாவது ரகம்.

வீட்டுக்கு ஐந்து போதும். இணையம் பார்க்க ஒன்று. கடிதம், கணக்கு எழுத ஒன்று. பாட்டும் படமும் ஓட்ட ஒன்று. குரல் பதிய ஒன்று. பட்டனுக்குக் குரலைக் கட்ட ஒன்று. ஐந்தின் பெயரையும், எந்தத் தளத்தில் எடுப்பது என்பதையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டுங்கள். பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் பட்டன் எதையும் தொடாதீர்கள். எல்லாம் தமிழிலேயே பேசும், அதற்கும் வழி எழுதியிருக்கிறேன்.

இதுதான் முக்கியம். நடுவில் ஏதாவது பெட்டி வந்து 'இதைச் செய்யவா, அதைச் சேர்க்கவா' என்று கேட்கும். எது கேட்டாலும் 'வேண்டாம்' அழுத்துங்கள். அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அண்ணன் தூங்குகிறாரா? சாப்பிட முடிகிறதா? இதற்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி

*

மார்ச் 13

சுண்டெலிக்கு,

ஒரு வரி கேட்டாய், இந்தா. தூங்குகிறார், கஞ்சிதான் இறங்குகிறது, இளைத்துவிட்டார். போதுமா? இன்னொரு வரி சேர்த்துக்கொள். மெலிந்தாலும் முறைப்பு மட்டும் அதே சைஸ்.

நீ எழுதிய தாளைத் தையல் மிஷின் மேல் ஒட்டிவைத்து, ஒன்றுவிடாமல் செய்துவிட்டேன். காவல்காரர்கள் போனதும் வீடே அமைதியாகிவிட்டது. பொம்மை போகும்போது 'நிஜமாகவே போகச் சொல்கிறாயா' என்று அழுத முகத்தைக் காட்டியது. போடி என்றேன். இப்போது கம்ப்யூட்டர் எழுத்தைத் தட்டியதும் காட்டுகிறது. இவர் வந்து எட்டிப் பார்த்து, "எங்க கத்துக்கிட்ட?" என்றார். "புத்தகத்துல." "அந்தப் புத்தகம் சுண்டெலி மாதிரியே பேசுதே" என்று சொல்லிவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உயிரே போய் வந்தது.

மூன்று நாளாகக் காலையில் பதிகிறோம், அப்போதுதான் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த மைக்கை நல்ல துணி ஒன்றில் சுற்றி அவர் முன்னால் வைக்கிறேன். டீச்சரம்மா கொடுத்த தாளில் 'தயவுசெய்து எனக்குத் தண்ணீர் தர முடியுமா' என்று இருந்தது. "என்னைக்கு நான் இப்படிக் கேட்டேன்? கேட்டா நீ டாக்டரைக் கூப்பிட்டுற மாட்ட?" என்றார். அதனால் "டைலரு, தண்ணி" என்று பதிந்தோம். 'எனக்கு வலிக்கிறது' என்பதை மட்டும் தாளில் இருப்பது போலவே சொன்னார். அதைச் சொல்லும்போது நான் நூல் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

முப்பத்தெட்டு முடிந்தது, பன்னிரண்டு பாக்கி. பதிந்ததும் ஒரு தடவை ஓட்டிக் கேட்போம். அப்படியே அவர்! பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "சாருக்கு இன்னைக்கு என்ன கோபம்?" என்று கேட்கிற அளவுக்கு அச்சு அசல். கேட்டுவிட்டு மூடிவிடுவேன். மூடும்போது அந்தப் புரோகிராம் தினமும் ஒரு பெட்டியைக் காட்டி 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று குழைந்துகொண்டு நிற்கும். என்னை ஏமாற்ற முடியுமா? உன் இரண்டு கோடு மிஷின் மேலேயே இருக்கிறது. 'வேண்டாம்' என்று ஒரே அழுத்து. ஓடிப்போய்விடும். மறுநாள் திறந்தால் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது. பழையதையெல்லாம் நூல்கண்டு போல உள்ளே சுற்றி வைத்திருக்கும் போல. கெட்டிக்காரப் புரோகிராம்.

பட்டனில் கட்டுவது எப்படி என்று எழுது, அதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு செய்துகொள்கிறேன். 20ஆம் தேதி நாலு மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறேன், அன்றே சேர்க்க வேண்டும். எல்லாம் கையில் இருக்கிறது என்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. இல்லாவிட்டால் இந்த ஒரு வாரத்தை எப்படிக் கடத்துவது?

உன் அண்ணி

*

மார்ச் 18

அண்ணி,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன், எழுதாமல் உட்கார முடியவில்லை.

அதில் ஒன்றுமே இல்லை. முப்பத்தெட்டும் இல்லை. அந்தப் பெட்டி ஏமாற்றுக்காரப் பெட்டி இல்லை அண்ணி. அது ஒன்றுதான் உண்மையாகக் கேட்டது. அதற்கு மட்டும் 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். சேமிக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. மூச்சு விடுங்கள் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா, அப்படி விட்டுவிட்டேன். போடும்போது கேட்பதற்கு மட்டும் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தால் போதும். 'எது கேட்டாலும்' என்று எழுதினேன். அதற்கு இரண்டு கோடு வேறு.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதியதை எழுதியபடி செய்தீர்கள். மறுபடியும் நான்தான். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து, தொடாமலே அழித்துவிட்டேன்.

முகாம் அலுவலக டெலிபோன் நாலு நாளாகச் செத்துக்கிடக்கிறது. நாளைக்கு லாரி கிடையாது. நாளை மறுநாள் விடியும்போது கிளம்பும் லாரியில் மேலாளரிடம் கெஞ்சி இடம் வாங்கிவிட்டேன். டவுனுக்கு எட்டு மணி நேரம். வழியில் பாலம் வேலை நடக்கிறது, சில நாள் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு மணிக்கு உங்களுக்குப் போன் வரும். நாலு மணிக்கு வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டால்? போனைப் பையில் போட்டுவிட்டால்? அண்ணனே எடுத்து, என் குரல் என்றதும் வைத்துவிட்டால்?

இந்த இரண்டு நாளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முகாமில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 30

என் சுண்டெலிக்கு,

முதலில் நல்லது. ஆபரேஷன் முடிந்தது, ஆள் இருக்கிறார். கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாக விசில் அடிக்கிறது. வார்டில் முதல் ஆளாக எழுந்து நடந்தவர் அவர்தான். நடந்து போய்ப் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சக்கர நாற்காலியை எப்படித் திருப்புவது என்று சைகையிலேயே பாடம் எடுத்துவிட்டு வந்தார்.

உன் 18ஆம் தேதிக் கடிதம் நேற்றுதான் என் கைக்கு வந்தது. ஆயிரம் மைல் தள்ளி என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். போனில் கேட்டதைத் தாளிலும் படிக்க வேண்டுமா? அதைக் கிழித்துப் பித்தான் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது மணி இரண்டு பத்து. நீ விஷயத்தைச் சொன்னதும் போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். பைகள் வாசலில் இருந்தன. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, முடிந்ததை மறுபடி பதியலாம் என்று மைக்கை எடுத்து வைத்து, புரோகிராமைத் திறந்து, குரல் பதிகிற சிவப்புப் பட்டனைத் தட்டினேன். சிவப்பு ஓட ஆரம்பித்தது. அவர் பக்கம் திரும்பினால் போன் அவர் கையில்.

"யாரு?"

நீ என்ன சொன்னாயோ, அவர் முகம் மாறியது. "மறுபடியும் அழிச்சிட்டியா?"

அவ்வளவுதான். அப்புறம் நீ வாயைத் திறந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் 'பேசாதீங்க, குரலைச் சேர்த்து வையுங்க' என்று சொல்லியிருக்க, இந்த மனுஷன் நாற்பத்து மூன்று நிமிஷம் கத்தினார். ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார் போல. "டேய், கண்ணாடி பாக்காம வண்டியை எடுக்கிறவன்டா நீ!" "இண்டிகேட்டர் போடாம போனவன்டா நீ!" "ஒரு வீடியோ போனா போகுதுடா, நீ ஏன்டா போன?" நான் தாளைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கெஞ்சினேன். "டைலரு, நீ சும்மா இரு, இவனை விட்டா பிடிக்க முடியாது" என்றார். ஐம்பது வாக்கியத் தாள் என் கையில் கசங்கிக்கொண்டிருக்கிறது, குரல் தேய்ந்துகொண்டே போகிறது, கடிகாரம் ஓடுகிறது. எனக்கு வந்த கோபத்தில் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் தைத்திருப்பேன்.

கடைசியில், "ஆறு வருஷமா லீவு குடுக்காத கம்பெனி எவன்டா வச்சிருக்கான்? எப்ப வர்ற?" என்றார். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "டைலரு" என்று என்னைக் கூப்பிடப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், தாளை வாங்கி முதல் வரியைச் சொல்லிப் பார்த்தார். காற்று. ஐம்பதில் ஒன்றுகூட இல்லை தம்பி. நான் கேட்ட கடைசிக் குரல் உன்னைத் திட்டியதுதான்.

அப்புறம்தான் பார்த்தேன், சிவப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மூடினேன். பெட்டி வந்து நின்றது. 'சேமிக்கவா?' விரல் பழக்கத்தில் 'வேண்டாம்' பக்கம் போய்விட்டது. வலது கையை இடது கையால் பிடித்து இழுத்தேன். 'ஆம்' அழுத்தினேன். பெயர் கேட்டது. 'சண்டை' என்று வைத்தேன். வண்டிக்காரர் நாலு மணிக்கு முன்னாலேயே வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

அது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று திறந்து பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. நீயே சொல், திறக்கட்டுமா?

உன் அண்ணி

*

ஏப்ரல் 5

அண்ணி,

திறக்கும் முன்பு ஒன்று செய்யுங்கள். 'சண்டை'யை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து மிஷின் டிராயரில் வையுங்கள். இன்னொன்று எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம், இதை நான் இரண்டு தடவை கற்றுக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு பிரதியைத் திறங்கள், அசலைத் தொடாதீர்கள்.

குரல் திரையில் பல் பல்லாகத் தெரியும். வேண்டிய இடத்தை அடையாளம் வைத்து வெட்டித் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். வெட்டும் வழியும், பட்டனில் கட்டும் வழியும் பின்தாளில். ஒவ்வொரு அடியிலும் எதற்கு 'ஆம்', எதற்கு 'வேண்டாம்' என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன். எழுதி முடித்து நானே ஒரு தடவை அதன்படி செய்து பார்த்தேன், பிறகு இங்கே சமையல்காரரைச் செய்ய வைத்தும் பார்த்தேன். ஆனால் நாற்பத்து மூன்று நிமிடமும் திட்டுதானே, அதில் என்ன உதவும் என்று தெரியவில்லை.

அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது எழுதிக் காட்டினாரா?

தம்பி

*

ஏப்ரல் 13

சுண்டெலிக்கு,

இருந்தது!

முதல் சத்தம் கேட்டதும் நான் மிஷின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, நாற்பத்து மூன்று நிமிஷமும் நின்றே கேட்டார். நடுநடுவே தலையாட்டினார், சரியாகத்தான் கேட்டிருக்கிறேன் என்பது போல. சிரித்தார். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

வெட்டுவதற்கு எனக்குப் பாடம் எடுக்கிறாயாக்கும்! திரையில் பார்த்தால் ஜிக்ஜாக் தையல் மாதிரியே இருக்கிறது. மூச்சு வாங்குகிற இடத்தில் தையல் விட்டிருக்கிறது, அங்கே வைத்தால் பிசிறில்லாமல் வருகிறது. பதினாறு துண்டு தேறியது. 'தண்ணி' இல்லை, 'வலிக்குது' இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கிறோம். தண்ணீர் வேண்டுமென்றால் "உனக்கு எத்தனை தடவைடா சொல்றது" வரும். கஞ்சி பிடிக்கவில்லை என்றால் "இதெல்லாம் ஒரு பொழப்பா". வலித்தால் "சரி விடு". அதைத் தட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நானும் மாத்திரையை எடுத்து வந்து அவர் கையில் வைத்துவிடுவேன். டாக்டர் பார்க்க வந்தபோது பட்டன் மாறி "கண்ணாடி பாக்காம வண்டியை எடுக்கிறவன்டா நீ" என்று வந்துவிட்டது. டாக்டர் ஆடிப்போய்விட்டார், நேற்றுதான் எங்கேயோ இடித்தாராம்.

"டைலரு" அதில் ஒரே ஒரு தடவை இருக்கிறது. அது பெரிய பட்டனில். தைத்துக்கொண்டிருந்தால் தட்டுகிறார், நான் மிஷினை நிறுத்திவிட்டு "என்ன?" என்கிறேன். ஒன்றுமில்லை என்று கையை விரிக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. சட்டை எல்லாம் தேங்கிக்கிடக்கிறது.

நான் கடிதம் எழுதுவது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'உன் புத்தகத்துக்கு லாரியில்தான் தபால் வருது' என்று.

முகாம் டெலிபோன் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதன் பக்கத்திலேயே இரு. நான் பேசமாட்டேன், சத்தியம் இருக்கிறது.

உன் அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணி,

நேற்று பதினொரு மணிக்கு மணி அடித்தது. வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். எடுத்து ஹலோ என்றேன். பேச்சு இல்லை. விசில் மாதிரி மூச்சு மட்டும் போய் வந்தது. பிறகு ஒரு பட்டன் தட்டுகிற சத்தம்.

"டேய்."

இன்னொரு தட்டு.

"எப்ப வர்ற?"

ரிசீவரை இன்னும் காதோடு அழுத்தினேன். மறுபடி தட்டினார். "எப்ப வர்ற?" மூன்றாவது தடவையும் அதே குரல், அதே கோபம். பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டு, "யாருப்பா, உங்க அப்பாவா?" என்றார். அண்ணன் என்றேன். அது போனில் அண்ணன் காதிலும் விழுந்திருக்கும். போனை வைத்துவிட்டு நேராக அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போனேன்.

இங்கே லீவுகூடக் கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு பெட்டி வந்து 'அனுப்பவா?' என்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆம்' அழுத்தினேன்.

மே 3, காலை லாரி. இண்டிகேட்டர் போட்டாச்சு என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

தம்பி